நோட்டுப்புத்தகத்தோடு துணைக்குப் போங்கள்: அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் நாள்களைக் காப்பாற்றும் வழி

தெரிந்தவர் ஒருவருக்கு மார்பகத்தில் ஏதோ சந்தேகம் என்று கேள்விப்பட்டதும் நாம் சமைத்து எடுத்துக்கொண்டு ஓடுவோம். இல்லாவிட்டால் இரவெல்லாம் இணையத்தில் தேடிப் படித்துவிட்டு, காலையில் பாதி மருத்துவராகிப் போய் நிற்போம். இரண்டிலும் தப்பில்லை. ஆனால் முதலில் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்குங்கள். அதில் எழுத வேண்டியது தேதிகள்.

காப்பீடு இல்லாதவர்களும் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டில் இருப்பவர்களும் வந்து குவியும் ஒரு பொது மருத்துவமனையின் மார்பகப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் நோயாளி வழிகாட்டியாக இருந்தேன். மருத்துவப் படிப்பெல்லாம் கிடையாது. என் கருவி தொலைபேசிதான். வராதவர்களைக் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பேன். அந்தக் காரணத்தை நீக்கப் பார்ப்பேன்.

அந்த வேலைக்கு என்னைத் தள்ளியது ஒரு தோழியின் கதை. அப்போது நான் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். மாலையில் துப்புரவு வேலைக்கு வருவார் அவர். கறுப்பினப் பெண், 52 வயது. நான் அவரை "அக்கா" என்று தமிழிலேயே கூப்பிடுவேன். பொருள் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, அந்தச் சொல்லுக்கு மட்டும் தனியாக ஒரு சிரிப்போடு திரும்புவார். நடமாடும் வண்டியில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே படம்) எடுத்திருந்தார். "கூடுதல் படம் எடுக்க வேண்டும், வரவும்" என்ற கடிதம் அவருடைய பழைய முகவரிக்குப் போய்விட்டது. அது கைக்கு வந்து, மறுபடம் எடுக்க 47 நாள். பயாப்ஸிக்கு, அதாவது ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிப்பதற்கு, காப்பீட்டு ஒப்புதல் கிடைத்து ஊசி போட 31 நாள். முடிவு வர 6. அறுவை மருத்துவரைப் பார்க்க 24. முதல் கீமோவுக்கு 23. கூட்டிப் பார்த்தேன், கணக்குப்பிள்ளை அல்லவா: 131 நாள். ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்தது. யாரையும் பிடித்துக் கேட்க முடியவில்லை.

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் அதனால் இறப்பது ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். "அவர்களுக்கு வருவது மோசமான வகை" என்பார்கள். ட்ரிப்பிள் நெகட்டிவ் என்ற வேகமான வகை அவர்களிடம் சுமார் இரண்டு மடங்கு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் நன்றாகக் குணமாகக்கூடிய ஹார்மோன் சார்ந்த வகையிலும் அவர்களே அதிகம் இறக்கிறார்கள். 1980 வரை இரு தரப்பின் இறப்பு விகிதமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மேமோகிராமும், ஹார்மோன் சார்ந்த வகைக்கான டமாக்ஸிஃபென் மாத்திரையும் பரவலான பிறகுதான் விரிசல் விழுந்தது. நல்ல மருந்து வந்தது, எல்லார் கைக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரவில்லை.

நியூயார்க்கின் ஹார்லெமில் அறுவை மருத்துவர் ஹெரால்ட் ஃப்ரீமன் இதைக் கண்ணெதிரே பார்த்தார். 1964 முதல் 1986 வரை ஹார்லெம் மருத்துவமனைக்கு வந்த 606 மார்பகப் புற்றுநோயாளிகளில் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 39 சதவீதம். பாதிப்பேர் வரும்போதே மூன்றாம், நான்காம் நிலை. 1990இல் அவர் அங்கே வழிகாட்டிகளை நியமித்தார். இலவசப் பரிசோதனையும் வழிகாட்டியும் சேர்ந்த பிறகு, 1995 முதல் 2000 வரை வந்தவர்களில் அந்த எண் 70 சதவீதமாயிற்று. இடையில் மருந்துகளும் முன்னேறின, அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் வழிகாட்டி செய்த வேலையில் பெரும்பகுதியை, ஒரு தொலைபேசியும் ஒரு நோட்டும் இருந்தால் நீங்களும் செய்யலாம்.

நோட்டைத் திறப்பது

ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள்: என்ன நடந்தது, எந்தத் தேதி, அடுத்து யார் எப்போது கூப்பிட வேண்டும். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் அன்றைக்கே நீங்கள் கூப்பிடுங்கள். "நாங்களே அழைக்கிறோம்" என்று யாராவது சொன்னால், "எந்தக் கிழமைக்குள்? அதற்குள் வராவிட்டால் யாரிடம், எந்த எண்ணில் கேட்பது?" என்று கேட்டு, பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பதினோரு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், பெயர் கேட்டு எழுதிக்கொள்பவரின் கோப்பு மேசையில் மேலே ஏறிவிடும். அது நியாயமில்லை, ஆனால் நடக்கிறது.

மேமோகிராம் எடுக்கப் போகும்போதே முகவரியையும் கைபேசி எண்ணையும் திரையில் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள். அக்கா விஷயத்தில் இந்த ஒரு நிமிட வேலையை யாரும் செய்யவில்லை, நான் உட்பட. முடிவை நோயாளிக்குப் புரியும் மொழியில் 30 நாளுக்குள் எழுத்தில் அனுப்ப வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. சந்தேகத்துக்குரிய முடிவானால் 7 நாள். கடிதம் வரவில்லை என்றால் "எல்லாம் சரி" என்று பொருள் கொள்ளாதீர்கள். கடிதம் வரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

அறிக்கையில் பை-ராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் மறுபடம். அந்தத் தேதியை அங்கேயே வாங்குங்கள், ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. 4, 5 என்றால் பயாப்ஸி. 0 என்றால் படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்று பொருள். நான் கண்டவரை அதிகம் பேர் காணாமல் போவது இந்த 0இல்தான். "பூஜ்யம், அதனால் ஒன்றுமில்லை" என்று நினைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போன பெண்ணை நான் நான்கு மாதம் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறேன்.

பணம்: பயாப்ஸிக்கு முன்பே பேசுங்கள்

அறிகுறி இல்லாதவர்களுக்கு 40 வயதிலிருந்து 74 வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை மேமோகிராம் என்பது இப்போதைய பரிந்துரை. பெரும்பாலான காப்பீடுகளில் அதற்குக் கட்டணமில்லை. அதைத் தொடர்ந்து வரும் மறுபடத்துக்கும் பயாப்ஸிக்கும்தான் முன்பு பில் வந்து விழும். 2026இல் தொடங்கும் காப்பீட்டு ஆண்டுகளிலிருந்து, பரிசோதனையை முழுமையாக்கத் தேவைப்படும் கூடுதல் படங்களையும் பல திட்டங்கள் கட்டணமின்றித் தர வேண்டும். ஆனால் மார்பகத்தில் கட்டி தட்டுப்பட்டு வருபவரின் கணக்கு வேறு. காப்பீட்டு அட்டையின் பின்பக்க எண்ணை அழைத்து, "எந்தப் பிரிவில் பதிவு செய்கிறார்கள், என் பங்கு எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள்.

காப்பீடே இல்லையா? 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாநிலத்திலும் மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய் முன்னறிதல் திட்டம் இருக்கிறது. குறைந்த வருமானமுள்ள பெண்களுக்குப் பரிசோதனை இலவசம். 2000ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், இத்திட்டத்தின் வழியே நோய் கண்டறியப்பட்டவருக்கு மெடிக்கெய்ட் மூலம் சிகிச்சைக்கும் வழி செய்தது. குடியேற்ற நிலை பற்றிய நிபந்தனைகள் உண்டு. கவனிக்க வேண்டிய முடிச்சு ஒன்று. சில மாநிலங்களில் திட்டத்துக்கு வெளியே பயாப்ஸி செய்துகொண்டால் இந்தக் கதவு குறுகிவிடும். அதனால் ஊசி போடும் நாளுக்கு முன்பே மாநிலத் திட்டத்தை அழையுங்கள்.

லாப நோக்கற்ற மருத்துவமனைகள் எல்லாம் நிதியுதவிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். பில்லைப் பார்த்துப் பயந்து அடுத்த முறைக்கு வராமல் இருந்தவர்கள்தான் எனக்கு அதிகம் கிடைத்தார்கள். பில் வேறு, சிகிச்சைத் தேதி வேறு. இரண்டையும் நோட்டில் தனித்தனிப் பக்கத்தில் வையுங்கள்.

மருத்துவர் அறையில்

ஆங்கிலம் சரளமாக வராதவருக்குத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனை இலவசமாகத் தர வேண்டும். தமிழுக்குத் தொலைபேசி வழியே கிடைப்பார்கள். பன்னிரண்டு வயது மகனை வைத்து அம்மாவிடம் "புற்றுநோய்" என்று சொல்ல வைக்காதீர்கள். துணைக்குப் போகும் நீங்களும் மொழிபெயர்க்க வேண்டாம். நாம் கசப்பானதை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொல்லும் சுபாவம் உள்ளவர்கள்.

பயாப்ஸி முடிவில் மூன்று சொற்களைக் கேட்டு எழுதுங்கள்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டரோன் ஏற்பி, ஹெர்-2 என்ற புரதம். சிகிச்சை முழுதும் இவற்றின்மேல்தான் நிற்கிறது. மூன்றும் இல்லையென்றால் அதுவே ட்ரிப்பிள் நெகட்டிவ்; அங்கே பல சமயம் அறுவைக்கு முன்பே கீமோ வரும், நாள்கள் இன்னும் விலையேறும். பிறகு மூன்று கேள்விகள். மரபணுப் பரிசோதனை தேவையா? இந்த நிலைக்கு ஏதாவது மருத்துவ ஆய்வு நடக்கிறதா? உங்கள் தாய்க்கு இதே முடிவு வந்திருந்தால் இதே வரிசையில்தான் செய்வீர்களா? முதலிரண்டையும் மருத்துவரே சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். ஏழைப் பெண்களிடமும் கறுப்பினப் பெண்களிடமும் அவை குறைவாகவே சொல்லப்படுகின்றன.

இன்னொன்று, நம் தோலுக்கும் பொருந்துவது. அழற்சி வகைப் புற்றுநோய் வந்தால் மார்பகம் "சிவக்கும்" என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். கருந்தோலில் அது சிவப்பாகத் தெரியாது. ஊதாவாக, காயம் பட்டதுபோல, அல்லது வெறும் கருமையாக இருக்கும். தோல் தடித்து ஆரஞ்சுத் தோல்போலக் குழிகுழியாக இருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதிர்வீச்சின் புண்ணும் அப்படியே. அக்காவுக்கு மூன்றாம் வாரம் அக்குளுக்குக் கீழே தோல் பளபளவென்று கருத்து இறுகிப்போயிருந்தது. பார்த்தவர், "சிவப்பு இல்லையே" என்று குறித்துக்கொண்டார். அக்கா கையை உயர்த்தவே முடியாமல் நின்றார். நான் மறுபக்கத்து அக்குளைக் காட்டி, "இந்த நிறத்தோடு அதை ஒப்பிடுங்கள்" என்றேன். ஒரு நொடி அமைதி. பிறகுதான் களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் நான் வழிகாட்டிய ஒவ்வொருவரிடமும், கதிர்வீச்சு தொடங்கும் நாளுக்கு முன்பே இரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைக்கச் சொன்னேன்.

வேலையும் வண்டியும்

மணிக்கணக்குச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி. அதனால் கதிர்வீச்சுக்கு ஒப்புக்கொள்ளும் முன், "குறுகிய கால முறை எனக்குப் பொருந்துமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். முன்பு ஐந்தாறு வாரம் இழுத்ததைப் பலருக்கு இப்போது 15 அல்லது 16 அமர்வுகளில் முடிக்கிறார்கள். காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஓராண்டு வேலை செய்தவருக்குப் பொதுவாகச் சட்டப்படி 12 வாரம் ஊதியமில்லா விடுப்பு உண்டு. அதை ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை, கீமோ நாள்களுக்கு மட்டும் பிய்த்துப் பிய்த்து எடுக்கலாம். போக்குவரத்துக்கு அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தன்னார்வ ஓட்டுநர்களை ஏற்பாடு செய்கிறது. மெடிக்கெய்டிலும் பயணச் சலுகை உண்டு. இரண்டுக்கும் சில நாள் முன்பே சொல்ல வேண்டும்.

ஒரு முறை தவறிவிட்டால் அன்றே கூப்பிட்டு அடுத்த தேதி வாங்குங்கள். கிரீன்ஸ்பரோவிலும் பிட்ஸ்பர்கிலும் நடந்த ஓர் ஆய்வில் இதைத்தான் கணினியைக் கொண்டு செய்தார்கள்: யாராவது வராவிட்டால் உடனே எச்சரிக்கை, உடனே வழிகாட்டியின் அழைப்பு. தொடக்க நிலை மார்பக, நுரையீரல் புற்றுநோயில் சிகிச்சையை முடித்த கறுப்பினத்தவர் அதற்கு முன் 80 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு, வெள்ளையினத்தவர் 87. பிறகு முறையே 88, 89க்குச் சற்று மேல். வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. புது மருந்து எதுவும் அதில் இல்லை.

மணியடித்த பிறகு

கடைசிக் கதிர்வீச்சு முடிந்ததும் மணியடித்துப் படம் எடுப்பார்கள். ஹார்மோன் சார்ந்த வகைக்கு அதன்பிறகுதான் நீண்ட பகுதி: குறைந்தது ஐந்தாண்டு, சிலருக்குப் பத்தாண்டு, தினமும் ஒரு மாத்திரை. மூட்டுவலி, உடல் சூடேறல், மருந்துக்கடைப் பணம் என்று ஏதோ ஒன்றால் பலர் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "டப்பாவில் இன்னும் எத்தனை இருக்கிறது?" என்று கேளுங்கள். வலி என்றால் அதே வரிசையில் வேறு மாத்திரை உண்டு. பணம் என்றால் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்தையும் 90 நாள் கொள்முதலையும் கேட்கலாம். மருந்து தீரும் தேதிக்குப் பத்து நாள் முன்பாக நோட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

அக்காவின் நோட்டு இப்போது மூன்றாவது. முதல் இரண்டும் என் கையெழுத்து. இதில் அவர் கையெழுத்து. மூன்றாவது பத்தியில் அடுத்த மேமோகிராம் தேதிக்குப் பக்கத்தில், வரவேற்பில் இருக்கும் பெண்ணின் பெயரையும் எழுதியிருக்கிறார்.