அலுவலகத்தில் முயல்: ஞாயிற்றுக்கிழமையிலிருந்து திட்டமிடுங்கள்

கோயம்புத்தூரில் ஏழு பேர் பணிபுரியும் எங்கள் சிறிய அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளாக இரண்டு முயல்கள் இருக்கின்றன. வெளியூருக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து அவற்றைத் தத்தெடுத்தோம். முயல் விடியலிலும் அந்தியிலும் துள்ளித் திரிந்து, நடுப்பகலில் உறங்கும் பிராணி. ஆகவே நம் வேலை நேரம் அதற்குப் பெரும்பாலும் ஓய்வு நேரம். இது வசதிதான். ஆனால் நாம் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போதுதான் அதற்குப் பொழுது விடிகிறது என்பதையும் தத்தெடுப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

படி 1: விடுமுறை நாள் பொறுப்பு

முயலின் குடல் இடைவிடாது இயங்கிக்கொண்டே இருக்க வேண்டியது. பன்னிரண்டு மணி நேரம் எதையும் உண்ணாமல் இருந்தாலே குடலியக்கம் நின்று உயிருக்கு ஆபத்தாகலாம். சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் பூட்டிய அலுவலகத்தைத் திங்கள் காலை 9.30-க்குத் திறந்தால், இடையில் ஏறத்தாழ 40 மணி நேரம் கழிந்திருக்கும். காவலாளி தண்ணீர் வைத்துவிட்டுப் போவது போதாது. தீனி குறைந்திருக்கிறதா, புழுக்கை வழக்கமான அளவிலும் எண்ணிக்கையிலும் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையும் மாலையும் வர வேண்டும், அல்லது முயலைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். தீபாவளிக்கு வெடிச்சத்தம் இல்லாத அறை ஒன்றையும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள். முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழக்கூடியது. அதற்குள் எத்தனையோ பேர் வேலை மாறிவிடுவார்கள். எனவே 'அலுவலகத்து முயல்' என்று பொதுவில் விடாமல், ஒருவரை உரிமையாளராகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஒப்புதல்

கட்டட உரிமையாளரிடமும் உடன் பணிபுரிவோர் அனைவரிடமும் முதலிலேயே கேளுங்கள். ஒருவருக்கு முயல் முடியோ உலர்புல் தூசியோ ஒவ்வாது என்றால் திட்டத்தைக் கைவிடுவதே முறை.

படி 3: எந்த முயல்?

தமிழகத்தில் தத்தெடுக்கக் கிடைப்பவற்றுள் பல, நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற பண்ணை இனங்களின் வழிவந்தவை. உள்ளங்கையில் அடங்கும் குட்டி நான்கு, ஐந்து கிலோ வரை வளரும். காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்தால் நம்பிவிடாமல் மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள், ஒன்று ஆண். சினைக்காலம் ஒரு மாதம்தான் என்பதால் கருத்தடை அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 4: இடம்

முயலுக்கு நம்மைப் போல் வியர்க்காது. உடற்சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகவே வெளியேற்றுகிறது. வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் தவிக்கும். பகலெல்லாம் ஓடும் ஏசி இரவில் நிற்கும்போது, கண்ணாடிச் சுவரும் மேற்கு வெயிலும் உள்ள அறை அடுப்பாகிவிடும். காற்றோட்டமுள்ள உள்ளறையே ஏற்றது. கடைகளில் விற்கும் கம்பித்தரைக் கூண்டு பாதத்தில் புண் உண்டாக்கும். அதற்குப் பதிலாகத் தடுப்புவேலி போட்டு, தரையில் பாய் விரியுங்கள். மின்கம்பிகள் அனைத்தையும் குழாய்க்குள் செலுத்துங்கள். என் மடிக்கணினியின் சார்ஜர் இரண்டாம் நாளே இரு துண்டாயிற்று. மணிபிளாண்ட் முயலுக்கு நஞ்சு. எலி மருந்து வைத்த அலுவலகத்தில் முயலை உலவவிடக் கூடாது.

படி 5: உணவு

உணவில் பெரும்பங்கு உலர்புல்லாக இருக்க வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை; அவற்றைத் தேய்த்துக் கட்டுக்குள் வைப்பது இந்தப் புல்லே. நிழலில் உலர்த்திய அருகம்புல் எங்களுக்குக் கைகொடுக்கிறது. நெல் வைக்கோலில் சத்துக் குறைவு, கீழே விரிக்கலாம். கொத்தமல்லி, புதினா நாள்தோறும் ஒரு கைப்பிடி தரலாம். இனிப்பு மிகுந்த கேரட் எப்போதாவது ஒரு துண்டு போதும். தேநீர் வேளையில் பிஸ்கட் நீட்டும் அன்பர்களைத் தடுப்பதுதான் கடினம். வேலியில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கவிடுங்கள். தண்ணீரைக் கனமான கிண்ணத்தில் வையுங்கள்.

படி 6: கழிப்பிடம்

முயல் தானே ஒரு மூலையைத் தேர்ந்துகொள்ளும். அங்கே அகலமான தட்டு வைத்து, மேலே உலர்புல்லைப் போட்டுவிட்டால் தின்றபடியே கழிக்கப் பழகிவிடும். அலுவலகத்தின் காகிதத் துண்டாக்கும் இயந்திரத்தில் சேரும் குப்பை இதற்கு நன்றாகவே பயன்படுகிறது. ஸ்டேப்ளர் ஊசியும் பளபளப்புத் தாளும் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: தூக்குவதும் மருத்துவமும்

காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. ஒரு கை மார்புக்கடியிலும் மறு கை பின்புறத்துக்கடியிலும் தாங்க வேண்டும். பின்கால்களை உதறினால் முதுகெலும்பே முறியலாம். நாய்க்கு உண்ணி போக்கப் பூசும் ஃபிப்ரோனில் மருந்தும், வாய்வழி தரும் அமாக்சிசிலின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாட்டிக்) மருந்துகளும் முயலைக் கொல்லக்கூடியவை. ஆகவே முயலைக் கையாண்ட அனுபவமுள்ள மருத்துவரை முன்பே தேடிவையுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரிக்கலாம். அறுவைக்கு முதல்நாள் இரவு பட்டினி போடச் சொன்னால் தயங்காமல் மறுபடி கேளுங்கள்: முயலால் வாந்தியெடுக்க இயலாது, எனவே நாய், பூனைக்கு விதிக்கும் அந்தப் பட்டினி இதற்குத் தேவையில்லை. எடுத்துச் செல்லும் கூடையிலேயே உலர்புல் இருக்கட்டும்.