நர்சிங்கா, சமூகப் பணியா? குரூப்பைப் பார்த்துவிட்டு ஆசையைப் பேசுவோம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு யாராவது ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். "நாலு பேருக்கு உதவி செய்யணும்ங்கிறாக்கா. உங்களாட்டம் நர்சிங் போடலாமா, உங்க தங்கச்சியாட்டம் எம்.எஸ்.டபிள்யூ. போடலாமா?"

நான் 26 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். தங்கை எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப் பணி முதுகலை படித்துவிட்டு, குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கிறாள். வருகிற பெண்ணிடம் நான் முதலில் கேட்பது, "என்ன குரூப்?"

பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். படிப்பு 4 வருடம். எம்.எஸ்.டபிள்யூ. 2 வருடம், எந்த டிகிரிக்குப் பிறகும் படிக்கலாம். அதாவது நர்சிங் முடித்தவள் பின்னால் மனம் மாறி எம்.எஸ்.டபிள்யூ. சேரலாம். காமர்ஸ் குரூப் படித்த பெண்ணுக்கு பி.எஸ்சி. நர்சிங் பக்கம் நேராகத் திரும்ப வழி இல்லை. அதனால் பத்தாவது முடித்து இரண்டு மனதாக நிற்பவர்கள் உயிரியலைக் கைவிடாதீர்கள்.

குரூப் சரி என்றால் அடுத்தது உங்கள் சுபாவம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாம்புக்கடி என்று ஒருவரைத் தூக்கி வந்தார்கள். ரத்தம் உறைவதை விஷம் கெடுத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்திருந்து, ஒருமுறை சாய்க்க வேண்டும். உறைந்திருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்றியாக வேண்டும். அன்று ஓடியது. டாக்டரிடம் ஓடப் போனேன். சீனியர் சிஸ்டர் குழாயை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதை சோப்புப் போட்டா கழுவின?" என்றார். சோப்புப் பசை ஒட்டியிருந்தால் ரத்தம் உறையாது. புதுக் குழாயில் மறுபடி வைத்தோம், கல்லாட்டம் உறைந்திருந்தது. நர்ஸ் வேலை பெரும்பாலும் இப்படித்தான். சின்ன விஷயத்தில் கை சுத்தமாக இருக்க வேண்டும், பதில் அரை மணியில் தெரிந்துவிடும், டியூட்டி முடிந்தால் அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இன்னொரு தை மாதம், சம்பா அறுவடையில் கண்ணாடி விரியன் கடித்த குத்தகை விவசாயி ஒருவர் வந்தார். உயிர் பிழைத்தார், சிறுநீரகம் கெட்டுவிட்டது. டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் போய்வர ஆரம்பித்தார். என் வேலை அதோடு முடிந்தது. அவர் மகன் ஒன்பதாவது படித்தவன், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டான். என் தங்கையின் வேலை அங்கே ஆரம்பித்தது. முதல் தடவை போனபோது பையன் கொல்லைப்புறமாக ஓடிவிட்டான். இரண்டாம் தடவை அவன் அம்மா பேசவில்லை. அப்புறம் தலைமையாசிரியரைப் பார்த்து, காப்பீட்டு அட்டைக்கு அலைந்து, கிராம நிர்வாக அலுவலரைத் தேடி... பையன் மறுபடி வகுப்பில் உட்கார்ந்தபோது ஆனி மாதம் ஆகிவிட்டது. நடுவில் ஒருநாள்கூட அவளுக்கு "முடிந்தது" என்று சொல்ல வாய்க்கவில்லை. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

உங்களுக்கு எது ஒத்துவரும் என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. சொந்தத்தில் யாராவது அரசு ஆஸ்பத்திரி வார்டில் இருந்தால் ஒரு ராத்திரி முழுக்கத் துணைக்கு இருங்கள். பெட்பான் வையுங்கள். வாந்தியைத் துடையுங்கள். இன்னொரு நாள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குத் தெருவில் உள்ள ஒரு பாட்டியைக் கூட்டிப்போய், முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுங்கள். பணம் வரும்வரை நீங்களே விடாமல் விசாரியுங்கள். இரண்டில் எது உங்களை எரிச்சலாக்குகிறது என்று கவனியுங்கள்.

சம்பளத்தைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் ஆரம்பம் கஷ்டம்தான். ஆனாலும் நர்ஸுக்கு வாசல்கள் அதிகம்: அரசுத் தேர்வு, தனியார் ஆஸ்பத்திரி, மொழி படித்தால் ஜெர்மனி வரை. சமூகப் பணியில் பெரும்பாலும் திட்டம் இருக்கும்வரை வேலை, ஒப்பந்தம் முடிந்தால் திக் திக் என்றிருக்கும்.

நர்சிங் என்றால் கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா, முடித்தபின் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா என்று பாருங்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் 'ஒரே வருடத்தில் நர்ஸ்' எதையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. என்றால் என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். மருத்துவம்-மனநலம், சமூக மேம்பாடு, ஹெச்.ஆர். (கம்பெனிகளில் பணியாளர் நிர்வாகம்) என்று பிரியும். என் தங்கையோடு படித்தவர்களில் பலர் ஹெச்.ஆர். எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் இருக்கிறார்கள். சம்பளம் இவளைவிட அதிகம். தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் அம்மா அதை மறக்காமல் எடுத்துச் சொல்வார்.