ஆச்சிக்கு விஆர் கண்ணாடி போடுவது எப்படி?

கொழுந்துக் கூடை சுமந்தே இடுப்பு போன ஒருவரிடம் போய் 'விஆர்', 'மெய்நிகர் உண்மை' என்று ஆரம்பித்தால், ஷொக் வைக்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார். "கண்ணில கட்டுற சின்ன டிவி ஆச்சி, தலையத் திருப்பினா படமும் திரும்பும்" என்றால் போதும். முதலில் நீங்கள் போட்டுக் காட்டுங்கள், அப்புறம் கையில் கொடுங்கள்.

எதற்கு என்று கேட்பார். கவனம் வேறு பக்கம் போனால் வலி குறைவாகத் தெரியும், அவ்வளவுதான் சங்கதி. தீக்காயத்துக்கு மருந்து கட்டும்போது நோயாளிக்கு விஆரில் பனி உலகத்தைக் காட்டும் முறை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. நாள்பட்ட இடுப்பு வலிக்கான ஒரு விஆர் கருவிக்கு அமெரிக்காவில் 2021 நவம்பரில் அனுமதியும் கிடைத்தது, அது 8 வாரப் பயிற்சி. அதற்காக "வலி பறந்துடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், மாத்திரையை நிறுத்தவும் சொல்லாதீர்கள்.

பெரிய தொல்லை தலைசுற்றல்தான். ஹட்டன் பஸ் வளைவுகளில் உடம்பு ஆடுவது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்குத் தெரியும், முன் சீட்டையே பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் வாந்தி வரும். இங்கே அது தலைகீழ், கண்ணுக்கு முன்னால் காட்சி ஓடும், உடம்பு அசையாது. பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தோடு ஏறுகிற ஆள் என்றால் ஓடாத காட்சியாகப் பார்த்து, 5 நிமிடத்தில் நிறுத்துங்கள். சக்கரமில்லாத கதிரையில் உட்கார வையுங்கள். வலிப்பு இருந்தால் டொக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கையைத் தூக்கினால் உடனே கழற்றிவிடுவோம் என்று முன்பே சொல்லுங்கள், சொன்னபடி கழற்றவும் வேண்டும்.