பாம் ஸ்பிரிங்ஸில் பழைய வீடு பார்க்க...

கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸுக்குப் புதிதாகக் குடிபோனவரா? 1950, 60களின் வீடுகளைப் பார்க்க ஆசை என்றால், முதலில் ஊரின் வடக்கு வாசலில் நிற்கும் பழைய பெட்ரோல் பங்குக்குப் போங்கள். ஆல்பர்ட் ஃப்ரேயும் ராப்சன் சேம்பர்ஸும் வடிவமைத்து 1965இல் கட்டியது. கூரை வானத்தைக் குத்துவதுபோல் நீண்டிருக்கும். இப்போது அதுதான் சுற்றுலாத் தகவல் மையம். எங்கே எது இருக்கிறது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் ட்வின் பாம்ஸ் (இரட்டைப் பனை) என்ற குடியிருப்புப் பகுதி. இங்கே காரை ஓரங்கட்டிவிட்டு நடந்துதான் பார்க்க வேண்டும். கட்டடக் கலைஞர் வில்லியம் கிரிசெல் 1950களின் பிற்பாதியில் வடிவமைத்த வீடுகள் இவை. உள்ளே அறை அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மனையில் வீட்டைத் திருப்பி வைத்து, கூரையையும் மாற்றிவிட்டார். ஒன்றுக்குப் பட்டாம்பூச்சி இறக்கைபோல் நடுவில் தாழ்ந்த கூரை, பக்கத்து வீட்டுக்குத் தட்டைக் கூரை. அதனால் தெருவே அச்சில் வார்த்ததுபோல் தெரியாது. இரண்டு வீடுகளை எதிரெதிரே ஒப்பிட்டுப் பாருங்கள், தந்திரம் பிடிபடும். வீட்டுக்கு இரண்டு பனை நட்டதால்தான் அந்தப் பெயர்.

ஆட்கள் குடியிருக்கும் வீடுகள், ஆகவே தெருவோடு சரி. உள்ளே பார்க்க பிப்ரவரியில் நடக்கும் மாடர்னிசம் வாரம் என்ற கட்டடக்கலை விழாவுக்கு டிக்கெட் எடுங்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்; விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

சாலையோர வேடிக்கையும் வேண்டுமா? மேற்கே ஐ-10 நெடுஞ்சாலையில் கபசோன் என்ற சிற்றூர். அங்கே கிளாட் பெல் கட்டிய பிரம்மாண்ட டைனோசர்கள் நிற்கின்றன, ஒன்றின் வயிற்றுக்குள் கடையே இருக்கிறது!