கைக்குள் இருக்கும் கருத்தடைக் குச்சியை ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொள்வது எப்படி?

கருத்தடை இம்ப்ளாண்ட் என்பது மேல்கையின் உட்புறத் தோலுக்குச் சற்றுக் கீழே வைக்கப்படும், ஏறக்குறைய தீக்குச்சி அளவுள்ள மெல்லிய குச்சியாகும். ஒற்றைக் குச்சி வகையில் உள்ள 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 60 முதல் 70 மைக்ரோகிராம் வரை கசிந்து, மூன்றாம் ஆண்டின் முடிவில் 25 முதல் 30 ஆகக் குறைந்தாலும், சினைமுட்டை வெளியாவதைத் தடுக்க அந்த அளவே போதுமானது. ஓராண்டில் ஆயிரம் பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கருத்தரிப்பு நேர்கிறது.

குச்சியை வைத்து முடித்ததும், கட்டுப் போடும் முன்பே அதன் இரு முனைகளையும் உங்கள் விரலால் தொட்டு உணர்ந்துகொள்ளுங்கள். பிறகும் அவ்வப்போது தடவிப் பாருங்கள். தட்டுப்படவில்லை என்றால், ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே மூலம் இடம் தெரியும் வரை ஆணுறை போன்ற வேறு முறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பலர் குச்சியைப் பாதியில் எடுத்துவிடக் காரணம் ஒழுங்கற்ற இரத்தப்போக்குதான். சிலருக்குச் சொட்டுச் சொட்டாக வாரக்கணக்கில் நீளும், சிலருக்கு மாதவிடாயே நின்றுவிடும். இவை பெரும்பாலும் ஆபத்தானவை அல்ல. ஆனால் இதை முன்கூட்டியே சொல்லாமல் குச்சியை வைத்து அனுப்புவது, என் பார்வையில், பாதி வேலைதான். அதிகப்படியான போக்கையோ கடுமையான அடிவயிற்று வலியையோ மட்டும் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

மிகவும் கவனிக்க வேண்டியது பிற மருந்துகளை. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டோயின், கார்பமாசெபின் ஆகியவை கல்லீரலைத் தூண்டி ஹார்மோனை விரைவில் சிதைத்துவிடுவதால், குச்சி கையிலேயே இருந்தும் கருத்தரிக்க வாய்ப்புண்டு. காய்ச்சலுக்கோ இருமலுக்கோ போகும்போது கையில் குச்சி இருப்பதைச் சொல்ல யாருக்கும் தோன்றாது. எந்த மருத்துவரிடம் போனாலும் சொல்லிவிடுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு இம்முறை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஒற்றைக் குச்சி 3 ஆண்டுகளுக்கென வந்தது; அது ஐந்தாண்டு வரை பலன் தருவதாக உலக சுகாதார அமைப்பின் ஆய்வு காட்டியுள்ளது. எனினும் குச்சி வைத்தபோது உங்களுக்குத் தந்த அட்டையில் எழுதிய தேதியையே கணக்கில் கொண்டு, நீட்டிப்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். குச்சியை எடுத்த சில வாரங்களிலேயே கருவுறும் திறன் திரும்பிவிடுவதால், குழந்தை வேண்டாதவர்கள் அதே அமர்விலேயே புதிய குச்சியை வைத்துக்கொள்ளலாம்.