யாட்டில் தீ: எக்ஸ்டிங்விஷர் வாங்குவதற்கு முன்னும் பின்னும்

கரையில் தீ பிடித்தால் தெருவுக்கு ஓடிவிடலாம், கடலில் எங்கே ஓடுவது? போதாததற்கு இன்றைய யாட் (உல்லாசப் படகு) பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ், அதிலுள்ள ரெசின் என்ற பிசின் பற்றிக்கொண்டால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு நீர்மட்டம் வரை எரியும். அதனால் எந்த எக்ஸ்டிங்விஷர் (தீயணைப்பான்) வாங்கலாம் என்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஒவ்வொரு படுக்கையிலும் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்து பாருங்கள்.

2019 செப்டம்பர் 2 அதிகாலையில் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்ற டைவிங் படகு எரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த 34 பேரும் இறந்துபோனார்கள். அங்கிருந்து ஏறிவர ஒரு படிக்கட்டும் தனியாக ஓர் அவசர வழியும் இருந்தன, ஆனால் இரண்டுமே மேலே இருந்த ஒரே கூடத்துக்குள்தான் திறந்தன. அந்தக் கூடம்தான் எரிந்துகொண்டிருந்தது. இரவுக் காவலுக்கு விழித்துச் சுற்றிவர யாரையும் வைத்திருக்கவில்லை.

பாய்மர யாட்களிலும் இதே சிக்கல் உண்டு. கேபினுக்கு இறங்கும் படிக்கட்டுக்கு அடியில் என்ஜின், பக்கத்திலேயே அடுப்பு, அதாவது தீ பிடிக்க வாய்ப்புள்ள இரண்டு இடமும் வாசலிலேயே. அப்படியென்றால் உங்கள் உண்மையான அவசர வழி முன்கேபின் கூரையில் மேலே திறக்கும் ஹட்ச் என்ற மூடிதான். அது உள்ளிருந்து திறக்கிறதா, மேலே டிங்கியை (கரைக்குப் போய்வரும் சின்னப் படகை) கவிழ்த்துக் கட்டியிருக்கிறதா, கூட வருபவர்களில் பருமனானவர் அதில் நுழைந்து வெளியேற முடியுமா என்று துறையில் நிற்கும்போதே பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்டிங்விஷர் மாட்டும் இடமும் இதிலிருந்துதான் வரும். முன்கேபினில் ஒன்று, வெளியே சுக்கான் பக்கத்தில் கைக்கெட்டும் பெட்டியில் ஒன்று, சமையலிடத்தில் ஒரு தீப்போர்வை. போர்வையை அடுப்புக்குப் பின்னால் மாட்டாதீர்கள், எரியும் எண்ணெய்ச் சட்டியைத் தாண்டிக் கை நீட்ட யாராலும் முடியாது. பவுடர் எக்ஸ்டிங்விஷராக இருந்தால் மாதம் ஒருமுறை கழற்றித் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள், படகின் அதிர்வில் பவுடர் அடியில் இறுகிக் கட்டியாகிவிடும், முள் பச்சையில் நின்றாலும் அது வெறும் அழுத்தத்தைத்தான் காட்டுகிறது. உள்ளே சரசரவென்று நகர்வது கையில் தெரிய வேண்டும். 1 கிலோ எக்ஸ்டிங்விஷர் சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும் என்பதால் சுடரின் உச்சியில் வீணாக்காமல் அடியைப் பார்த்து அடியுங்கள். அமெரிக்காவில் 2022 ஏப்ரல் 20 முதல், ஒருமுறை பயன்படுத்தும் வகை எக்ஸ்டிங்விஷர் தயாரித்து 12 ஆண்டு கடந்தால், படகில் சட்டப்படி இருக்கவேண்டியவற்றின் கணக்கில் சேராது. எந்த நாட்டில் இருந்தாலும் அந்த வயதானதை மாற்றிவிடுவதே நல்லது.

மெத்தை, துணி, மரம் எரிந்தால் கயிறு கட்டிய ஒரு வாளி போதும், சுற்றிலும் தண்ணீர்தானே. எண்ணெயில் மட்டும் ஊற்றவே கூடாது.

சமையல் கேஸும் பெட்ரோல் ஆவியும் காற்றைவிடக் கனமானவை, கசிந்தால் பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், போய்த் தேங்கும். சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூடுங்கள். பெட்ரோல் என்ஜின் என்றால் கிளப்புவதற்கு முன் குறைந்தது 4 நிமிடம் புளோயரை (ஆவியை வெளியேற்றும் விசிறியை) ஓட்டி, பில்ஜை முகர்ந்தும் பாருங்கள்.

மின்சாரத்தில் பலரும் கவனிக்காதது கரையிலிருந்து எடுக்கும் கேபிள். ஹீட்டரோ ஏசியோ ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, கரையில் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தாலோ பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். அப்புறம், லித்தியம் பேட்டரிகளைத் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள்.

சரி, பிடித்தேவிட்டது. முதலில் சத்தம் போட்டு எல்லாரையும் லைஃப் ஜாக்கெட்டோடு மேலே வரவையுங்கள். ஒருவர் அணைக்கப் போகும்போதே இன்னொருவர் ரேடியோவின் சேனல் 16-இல் மேடே என்ற ஆபத்து அழைப்பைக் கொடுக்கட்டும், அணைக்க முடியவில்லை என்று தெரிந்த பிறகு கொடுக்கலாம் என நினைத்தால் அதற்குள் கீழே இருக்கும் ரேடியோ புகைக்குள் போயிருக்கும். கையடக்க விஎச்எஃப் ரேடியோ ஒன்று வெளியிலேயே இருப்பது இதற்காகத்தான். பின்பக்கம் எரிந்தால் படகின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்புங்கள், புகை ஆட்களை விட்டு விலகிப்போகும்.

என்ஜின் அறையில் தீ என்றால் கதவைத் திறக்கவே வேண்டாம், திறந்தால் காற்று கிடைத்து எகிறும். என்ஜினையும் புளோயரையும் நிறுத்தி, டீசலை வால்வில் அடைத்துவிட்டு, தடுப்பில் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் சின்னத் துளை வழியாக எக்ஸ்டிங்விஷரை அடியுங்கள். தீயணைக்கும் வாயுவைத் தானாகவே வெளியிடும் தானியங்கி சிலிண்டர் இருந்தாலும் என்ஜினை நிறுத்தியே ஆகவேண்டும், ஓடும் டீசல் என்ஜின் அந்த வாயுவை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். அணைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே இரும்பு கொதித்துக்கொண்டிருக்கும், வெளிப்பக்கம் கை வைத்தால் சூடு தெரியாத வரைக்கும் மூடியே வையுங்கள், திறக்கும்போது இன்னொரு எக்ஸ்டிங்விஷர் கையில் இருக்கட்டும்.