அப்பலேச்சியன் டிரெயிலில் ஒரு நாளை ஓட்டுவது எப்படி

அப்பலேச்சியன் டிரெயில் போகப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் பை வாங்கலாம், எந்த டென்ட் நல்லது, மொத்தம் எத்தனை கிலோ வரும் என்பதைத்தான். கேளுங்கள், தப்பில்லை, ஆனால் அதெல்லாம் முதல் வாரத்திலேயே ஒரு வழிக்கு வந்துவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் காட்டில் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் நடக்காத நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஈரத்துணி, தண்ணீர், எலி, கழிப்பறை, சாப்பாட்டுப் பை என்று தினமும் வருகிற சில்லறை வேலைகளை, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், அதே வரிசையில் செய்து முடிக்கிற ஆள்தான் கடைசிவரை நடக்கிறார். நல்ல உடம்பு, விலை உயர்ந்த சாமான் எல்லாம் இருந்தும் இதில் சறுக்கிப் பாதியில் பஸ் ஏறியவர்கள் நிறையப் பேர்.

தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கடாடின் மலையில் முடிகிற பாதை இது. 14 மாநிலங்கள், கிட்டத்தட்ட 3,500 கிலோமீட்டர். 1937-ல் முழுப்பாதையும் தயாரானது. ஒரே மூச்சில் நடந்தால் ஐந்திலிருந்து ஏழு மாதம் ஆகும். என்னைப்போல் வேலையையும் வைத்துக்கொண்டு லீவு கிடைக்கிறபோது துண்டு துண்டாக நடக்கிற கூட்டமும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரு நாள் என்பது ஒரே மாதிரிதான் போகும்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை, நேற்றைய ஈர சாக்ஸை மறுபடி மாட்டுவது. சிரிக்காதீர்கள், இந்த ஒன்று பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. நடக்க ஒரு செட் துணி, தூங்க ஒரு செட் துணி, அவ்வளவுதான் உங்கள் அலமாரி. நடக்கிற செட் நனையும், நாறும், அதன் தலையெழுத்து அப்படி. தூங்குகிற செட் மட்டும் எக்காரணம் கொண்டும் நனையக் கூடாது. விடியற்காலையில் குளிரும்போது, காய்ந்த சாக்ஸ் பைக்குள் இருக்கிறதே, அதையே போட்டுக்கொண்டு நடக்கலாமே என்று மனசு கெஞ்சும். போட்டால் அரை மணி நேரத்தில் அதுவும் நனைந்துவிடும், அன்று ராத்திரி உடம்பில் போட ஒன்றும் மிஞ்சாது. பிழிந்தால் பழுப்பாய்ச் சொட்டுகிற, மடிப்பில் மணல் ஒட்டியிருக்கிற அந்தப் பழைய சாக்ஸில் காலை நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ஏற்றம் ஏறுங்கள். கொஞ்ச நேரத்தில் கால் சூடாகிவிடும், ஈரமே மறந்துவிடும்.

ஜார்ஜியா தெற்கில்தானே இருக்கிறது, அங்கே என்ன குளிர் என்று நினைப்பவர்களுக்கு: மார்ச்சில் அந்த மலைகளில் ராத்திரி தண்ணீர் உறையும். அதைவிட மோசம் உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே நின்றுகொண்டு நாள் முழுக்கப் பெய்கிற மழை. பருத்தித் துணியில் அந்த மழையில் மாட்டினால் உடம்புச் சூடு வேகமாக இறங்கிவிடும். பனியன், ஜீன்ஸ் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கம்பளியோ செயற்கை இழையோதான் சரி.

பையை அடுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. பைக்கு வெளியே மாட்டுகிற மழை உறையை நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். உள்ளே கனமான பெரிய குப்பைப் பை ஒன்றை விரித்து, அதற்குள் ஸ்லீப்பிங் பேக், ராத்திரித் துணி, இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் மூன்றையும் போட்டு வாயை முறுக்கிச் செருகிவிடுங்கள். சாப்பாடு அதற்கு மேலே. ஈர டென்ட் வெளிப்பக்க வலைப் பாக்கெட்டில். மதியம் வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்தால் சாப்பிட உட்காருகிற பாறை மேலேயே டென்டை விரித்துவிடுங்கள், பதினைந்து நிமிடத்தில் முக்கால்வாசி காய்ந்துவிடும். பார்க்க அலங்கோலமாக இருக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நடப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மரங்களில் 2 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் வெள்ளைப் பட்டை அடித்திருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் பாதை திரும்பப்போகிறது, கவனி என்று அர்த்தம். நீலப் பட்டை கிளைப்பாதை, அது தண்ணீருக்கோ ஷெல்டர் என்கிற தங்கும் கொட்டகைக்கோ காட்சி முனைக்கோ போகும். வெகுநேரம் வெள்ளையே கண்ணில் படவில்லை என்றால் பிடிவாதம் பிடிக்காமல் கடைசியாகப் பார்த்த பட்டைவரை திரும்பி வாருங்கள். ஆரம்பத்தில் நாளுக்கு 13 முதல் 16 கிலோமீட்டர் போதும். நுரையீரல் இரண்டு வாரத்தில் தேறிவிடும், முட்டியும் தசைநார்களும் அவ்வளவு சீக்கிரம் தேறாது, அதனால் தெம்பாக இருக்கிற நாளில்தான் அதிகமாக நடந்து காலைக் கெடுத்துக்கொள்வார்கள். ஷூவை அரை அளவோ ஒரு அளவோ பெரிதாக வாங்குங்கள், பாதம் வீங்கும். கால் விரலிலோ குதிகாலிலோ லேசாகச் சூடு தெரிந்த அந்த நொடியே உட்கார்ந்து டேப் ஒட்டுங்கள். அடுத்த ஷெல்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அங்கே போய்ச் சேரும்போது கொப்புளமே வந்திருக்கும்.

இந்தப் பாதையில் ஊற்றுக்கும் ஓடைக்கும் பொதுவாகப் பஞ்சமில்லை. ஆனால் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டாமல் குடிக்காதீர்கள். சாயர் ஸ்க்வீஸ் மாதிரி நுண்குழல் ஃபில்டர்தான் பெரும்பாலானவர்கள் கையில் இருக்கும். அதில் ஒரு ரகசியம்: ஒருமுறை தண்ணீர் பட்ட ஃபில்டர் உறைந்தால் உள்ளே இழைகள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். அதனால் குளிர்கிற ராத்திரிகளில் அதை ஜிப் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

சாயங்காலம் நான்கரை, ஐந்து மணிக்குத் தங்குமிடத்தை முடிவு செய்துவிடுங்கள். வழியெங்கும் மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு என்று மர ஷெல்டர்கள் உண்டு, முன்னால் வந்தவருக்கு இடம். கொட்டுகிற மழையில் அதன் தகரக் கூரை சொர்க்கம், ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி என் ஓட்டு டென்டுக்குத்தான். ஷெல்டரில் குறட்டை உண்டு, சுண்டெலி உண்டு. விளக்கு அணைந்ததும் உத்திரத்தில் கிறுகிறுவென்று ஓட ஆரம்பித்து, மறந்துபோன ஒரு பாதாம் பருப்புக்காகப் புதுப்பையில் ஓட்டை போட்டுவிடும். அங்கே தங்குவதானால் பைகளின் ஜிப் எல்லாவற்றையும் திறந்தே வையுங்கள். எலி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று வந்துவிடட்டும்.

வந்து சேர்ந்ததும் உட்காராதீர்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள். முதலில் தண்ணீர் பிடிப்பது, அடுத்து டென்ட், அப்புறம் ஈரத்துணி மாற்றுவது, அதன் பிறகுதான் அடுப்பு.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஆட்களுக்கு இரட்டிப்பு வசதி. நாளுக்கு ஏறக்குறைய 900 கிராம் சாப்பாடு தூக்கினால் பரவாயில்லை, ஆனால் அது 100 கிராமுக்கு 450 கலோரியாவது தர வேண்டும் என்பது இங்கே பழகியவர்களின் கணக்கு. அவல் அந்தக் கணக்குக்கு எட்டாது, 350-ஐ ஒட்டித்தான் வரும். அதில் ஒரு குத்து வறுத்த வேர்க்கடலையும் இரண்டு ஸ்பூன் நெய்யும் சேர்த்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். கெட்டி அவலைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தாலே போதும், அடுப்பே வேண்டாம். மூடி நன்றாக இறுகுகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அவலையும் தண்ணீரையும் போட்டுக் கடைசி ஒரு மணி நேரம் பையிலேயே சுமந்து வந்தால் டென்ட் அடிக்கும்போது தயாராக இருக்கும், பருப்புப் பொடியோ புளிக்காய்ச்சலோ கலந்துகொள்ளலாம். குளிர் ராத்திரிக்கு மட்டும் அடுப்பு பற்றவைத்து, ரசப்பொடியும் உப்பும் போட்டுக் கொதிக்கவிட்ட தண்ணீர் ஒரு டம்ளர். வாசனைக்குப் பக்கத்து டென்டிலிருந்து தலை நீளும், அவருக்கும் கொஞ்சம் ஊற்றுங்கள். நடக்கும்போது கொறிக்கக் கடலை மிட்டாய். முறுக்கு வேண்டாம், இரண்டாம் நாளே தூளாகிவிடும். விமானத்தில் போகிறவர்கள் அடுப்புக்கான கேஸ் கேனிஸ்டரை எடுத்துப்போக முடியாது, போய் இறங்கின ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சாப்பிட்டதும் சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் மரத்தில் தூக்கிக் கட்ட வேண்டும், காரணம் கரடி. இங்கே இருப்பது கருங்கரடி, பெரும்பாலும் மனிதனைக் கண்டால் ஒதுங்கும், ஆனால் சாப்பாட்டுப் பையின் ருசியை ஒருமுறை கண்டுவிட்டால் அப்புறம் அதே இடத்துக்கு வந்துகொண்டே இருக்கும். வாசனை வருகிற எதுவும் டென்டுக்குள் கூடாது: பற்பசை, லிப் பாம், பெருங்காயம் போட்ட அந்தப் பொடி, காலி மிட்டாய் உறை உட்பட. சில ஷெல்டர்களில் இரும்புப் பெட்டியோ கம்பிக் கயிறோ இருக்கும். இல்லையென்றால் கயிற்று நுனியில் சின்னப் பையில் கல்லைப் போட்டுக் கிளைக்கு மேலே வீசி, தரையிலிருந்து 12 அடி உயரத்திலும் அடிமரத்திலிருந்து 6 அடி தள்ளியும் பை தொங்குமாறு கட்டுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே செய்யுங்கள், இருட்டில் வீசிய கல் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் சரியான கிளை தேடி அலைவதைவிடக் கரடிக்கேன் என்கிற கெட்டி டப்பாவைச் சுமப்பதே நிம்மதி. ஜார்ஜியாவில் ஜாரர்ட் கேப், நீல் கேப் என்கிற இரண்டு மலைக் கணவாய்களுக்கு நடுவில் மார்ச் 1 முதல் ஜூன் 1 வரை ராத்திரி தங்க வேண்டுமென்றால் அந்த டப்பா கட்டாயம்.

இனி யாரும் வாய்விட்டுக் கேட்காத விஷயம். ஷெல்டர் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு மரக் கழிப்பறை இருக்கும். போய்விட்டு, அங்கே வைத்திருக்கிற இலைச் சருகையோ மரத்தூளையோ ஒரு கைப்பிடி உள்ளே போட வேண்டும், குப்பை எதுவும் போடக் கூடாது. கழிப்பறை இல்லாத இடத்தில் தண்ணீர், பாதை, டென்ட் எல்லாவற்றிலிருந்தும் 200 அடி, அதாவது சுமார் 70 எட்டு, தள்ளிப்போய் 6 முதல் 8 அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மூட வேண்டும். அதற்கென்றே கையளவு மண்வெட்டி விற்கிறார்கள். காகிதம் பயன்படுத்துபவர்கள் அதை ஜிப் பையில் சுமந்து வர வேண்டும் என்பதுதான் முறை. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை, ஒரு தனி பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு எடுத்துப்போனால் போதும். ஆனால் அதன் பிறகு சோப்பும் தண்ணீரும் கட்டாயம், அதுவும் ஓடைக்குள் இறங்கி அல்ல, தள்ளி நின்று. இந்தப் பாதையில் நோரோவைரஸ் அடிக்கடி பரவும், ஒரு ஷெல்டரே வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிடும். ஆல்கஹால் ஜெல் அதற்குச் சரியாக வேலை செய்யாது, தண்ணீர் வடிகட்டுகிற அந்த ஃபில்டரும் வைரஸைத் தடுக்காது. யாராவது சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினால் கையை உள்ளே விடாமல் உள்ளங்கையில் கொட்டச் சொல்லுங்கள். கொடுக்கிறவருக்கும் அந்த வழக்கம் தெரிந்திருக்கும், கோபித்துக்கொள்ள மாட்டார்.

படுக்கும் முன் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைப் பரப்புகிற கருங்கால் உண்ணியின் இளம் பருவம் ஒரு கசகசா அளவுதான் இருக்கும், மே முதல் ஜூலை வரை அதன் ராஜ்யம். முட்டிக்குப் பின்னால், இடுப்புப் பட்டை படுகிற இடம், அக்குள், காதுக்குப் பின்னால் என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடுங்கள். நெருப்பு வைப்பது, எண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். கடித்து ஒட்டியிருக்கும் நேரம் கூடக் கூட நோய் தொற்றும் வாய்ப்பும் கூடும், அதனால்தான் தினமும் பார்க்கச் சொல்வது. கிளம்பும் முன் ஷூவிலும் சாக்ஸிலும் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி மருந்தை அடித்துக் காயவிட்டால் பாதிக் கவலை குறையும். வீட்டில் பூனை இருந்தால் அது காயும்வரை பக்கத்தில் விடாதீர்கள், பூனைக்கு அது விஷம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பேச்சு, விளக்கு எதுவும் வேண்டாம், நடப்பவர்களுக்கு அதுதான் நடுராத்திரி.

மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்குள் இறங்க வேண்டி வரும். வட கரோலினாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ், வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் மாதிரி ஊர்களில் பாதையே கடைத்தெரு வழியாகப் போகும், மற்ற இடங்களில் சாலை வந்ததும் கட்டை விரலை நீட்டியோ ஷட்டில் வண்டிக்குப் போன் பண்ணியோ போக வேண்டும். ஊரிலும் வரிசை முக்கியம். முதலில் சலவை, எல்லாத் துணியையும் மெஷினில் போட்டுவிட்டு மழைக்கோட்டும் மழைப் பேன்டும் மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்களைப் பார்த்தால் அவர்கள் டிரெயில்காரர்கள்தான். அதே நேரத்தில் போனுக்கும் பவர் பேங்குக்கும் சார்ஜ், அப்புறம் கடை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள், பசியோடு போனால் ஏழு நாள் சாமான் வாங்கிவிடுவீர்கள், சுமக்கப்போவது நீங்கள்தான். ஹாஸ்டல்களில் ஹைக்கர் பாக்ஸ் என்று ஒரு பெட்டி இருக்கும், வேண்டாததைப் போட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

கட்டில், சுடுதண்ணீர், பீட்சா எல்லாம் கிடைத்தபின் இன்னொரு நாள் இருக்கலாமே என்று தோன்றும். முழுப்பாதை நடக்கிறவர்கள் அங்கே காலண்டரைப் பார்க்க வேண்டும், கடாடின் ஏறுவதை அக்டோபர் நடுவுக்கு முன் முடித்தாக வேண்டும். சாயங்காலம் ஊருக்கு வந்து, தூங்கி, மறுநாள் மதியம் கிளம்புவது எனக்குப் பிடித்த ஏற்பாடு, தங்குவதற்கு ஒரு ராத்திரிக் காசுதான் ஆகும், முழு நாளும் வீணாகாது. வீட்டிலிருந்து அவலும் பொடியும் பார்சலில் வருகிறதென்றால் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்ன ஊர்த் தபால் நிலையங்கள் ஞாயிறு மூடியிருக்கும், சனிக்கிழமை பல இடங்களில் சில மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் போய்ச் சேருகிற மாதிரி நடையைக் கணக்குப் பண்ணுங்கள், பார்சலை வாங்க அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.